வீங்கிய காலும் விடாத பராமரிப்பும்

 



உடல் நலம் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அந்த அமானிதத்தைச் சோதிக்கும் நோய்கள் இருவகைப்படும். சில நோய்கள் வரும், மருந்துண்டால் அகன்றுவிடும். வேறு சில, வந்த பின் வாழ்நாள் முழுவதும் நம்முடன் தங்கிவிடும். இரண்டாம் வகையைச் சேர்ந்ததுதான் நிணநீர் வீக்கம். காவிரிப் படுகை ஊர்களிலும் கடலோர ஊர்களிலும் வாழும் நம் மக்கள் யானைக்கால் என்ற பெயரில் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிவார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்மார்கள் சிலருக்குக் கை வீங்குவதும் இதே நோய்தான்.

இந்நோய் புகுந்த வீடுகளில் இரண்டு போக்குகள் காணப்படுகின்றன. 'இதற்கு மருந்தே கிடையாது' என்று கைவிட்டு இருப்பது ஒன்று. ஒரே மருந்தில் காலை வற்றவைப்பதாகச் சொல்லும் வைத்தியரைத் தேடி ஊர் ஊராக அலைந்து, பொருளையும் காலத்தையும் இழப்பது மற்றொன்று. இரண்டுக்கும் முடிவு ஒன்றே. கால் மேலும் பெருக்கும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு நேரான வழி இருக்கிறது. அது, நாள்தோறும் வீட்டிலேயே செய்துவரும் பராமரிப்பு. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, அளவில் குறைவாயினும் விடாது செய்யப்படுவதே என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். வணக்கத்திற்காகச் சொல்லப்பட்ட அந்தப் பாடம், இந்நோயின் சிகிச்சைக்கும் அப்படியே பொருந்துகிறது.

வீக்கம் ஏன் உண்டாகிறது?

நம் உடலில் இரத்தக் குழாய்களைப் போலவே, அவற்றினும் மெல்லிய மற்றொரு குழாய்த் தொகுதியை அல்லாஹ் அமைத்துள்ளான். இரத்தத்திலிருந்து கசிந்து தசைகளுக்கும் தோலுக்கும் இடையே தேங்கும் நீரைச் சேகரித்து, மீண்டும் இரத்தத்தில் சேர்ப்பது அதன் பணி. அந்த நீரே நிணநீர். வழியில் அக்குளிலும் தொடையிடுக்கிலும் உள்ள நிணநீர்க் கணுக்கள், அதில் கலந்துள்ள கிருமிகளைத் தடுத்து அழிக்கின்றன. காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அது இந்தக் கணுதான்.

இக்குழாய்கள் பழுதுபட்டால் நீர் வடிய வழியின்றித் தேங்குகிறது. நம் பகுதிகளில் இதற்கு முதன்மையான காரணம், கொசுவால் பரவும் நூல் போன்ற ஒரு புழு. இப்புழுவின் குஞ்சுகள் கொசுவின் உடலில் வளர்கின்றன என்பதை 1877ஆம் ஆண்டில் சீனத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன் என்ற மருத்துவர் கண்டறிந்தார். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலெக்ஸ் கொசுவே நம் நாட்டில் இதைச் சுமந்து திரிகிறது. வளர்ந்த புழு நிணநீர்க் குழாய்க்குள் ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வரை உயிர் வாழ்ந்து அதைச் சிதைக்கிறது.

இதற்காக அரசு வழங்கும் டிஇசி, அல்பெண்டசோல் ஆகிய மாத்திரைகள் இரத்தத்தில் உள்ள குஞ்சுப் புழுக்களை ஒழித்து, நோய் பிறருக்குப் பரவுவதைத் தடுக்கின்றன. ஆதலால் நம் பகுதியில் அவை வழங்கப்படும்போது மறுக்காமல் உண்பது அனைவர் மீதும் கடமை. கர்ப்பிணிகள், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு மட்டும் விலக்கு உண்டு. எனினும், ஏற்கெனவே சிதைந்துபோன குழாயை இம்மாத்திரைகள் சீராக்குவதில்லை. மாத்திரை உண்டும் கால் வற்றவில்லையே என்று மனம் தளர்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள வேண்டும்.

தொடக்கத்தில் மாலையில் வீங்கும் கால், இரவு உயர்த்தி வைத்துப் படுத்தால் காலையில் வற்றிவிடும். அடுத்த நிலையில், படுத்து எழுந்தாலும் வற்றாது. பின்னர் தோல் தடித்து, மடிப்புகளும் முடிச்சுகளும் தோன்றும். எந்த நிலையில் பராமரிப்பைத் தொடங்கினாலும் பயனுண்டு. முதல் நிலையில் தொடங்கினால் பயன் மிக அதிகம்.

காலைப் பெருக்கும் காய்ச்சல்

இந்நோயாளிகளுக்கு அவ்வப்போது குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் வரும். கால் சிவந்து, சூடேறி, தொட முடியாதபடி வலிக்கும். தொடையிடுக்கில் நெறி கட்டும். சில நாட்களில் தணிந்துவிடும் என்பதால் பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால், ஒவ்வொரு காய்ச்சலும் எஞ்சியிருக்கும் குழாய்களில் சிலவற்றை அழித்துவிட்டே செல்கிறது. கால் படிப்படியாகப் பெருப்பதற்கு இதுவே பெருங்காரணம்.

நெடுங்காலம் இக்காய்ச்சலுக்குப் புழுவே காரணம் என்று கருதப்பட்டது. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் ஜெரூசா டிரையர் என்ற பெண் மருத்துவரும் அவருடைய குழுவினரும் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, தோலின் வெடிப்புகள் வழியே நுழையும் சாதாரணக் கிருமிகளே பெரும்பாலும் இதற்குக் காரணம் என்று எடுத்துக் காட்டினார்கள். அங்குள்ள ஏழை நோயாளிகள் சங்கம் அமைத்துக் கூடி, ஒருவருக்கொருவர் காலைக் கழுவும் முறையைக் கற்பித்தார்கள். சோப்பும் தண்ணீருமே மருந்து! 2000ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியபோது, புழுவை ஒழிப்பதோடு நோயுற்றோரைப் பராமரிப்பதையும் அதன் மற்றொரு பகுதியாக அமைத்தது. இவ்வாறு தூய்மை பேணியவர்களிடம் காய்ச்சல் வெகுவாகக் குறைந்திருந்ததைப் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான ஆராய்ச்சியும் உறுதிப்படுத்தியது.

உலகில் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானோர் யானைக்கால் வீக்கத்துடன் வாழ்வதாக அந்நிறுவனம் மதிப்பிடுகிறது. நமக்கு அண்மையிலுள்ள இலங்கை, 2016ஆம் ஆண்டில் இந்நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றிவிட்ட நாடாக அங்கீகரிக்கப்பட்டது. ஆயினும், அங்கும் முன்னரே கால் வீங்கியவர்களுக்குப் பராமரிப்பு தேவைப்படவே செய்கிறது. புழு ஒழிந்தாலும் வீக்கம் தங்கிவிடுகிறது.

அன்றாடம் செய்ய வேண்டியவை

1. கழுவுதல்: நாளுக்கு இருமுறை, இயலாவிட்டால் ஒருமுறையேனும் கழுவ வேண்டும். சாதாரணத் தண்ணீரும் காரமில்லாத சோப்பும் போதும், வெந்நீர் கூடாது. முழங்காலிலிருந்து தொடங்கிப் பாதம் வரை, கையாலோ மெல்லிய துணியாலோ கழுவ வேண்டும். நார், பிரஷ், கல் ஆகியவற்றால் தேய்க்கக் கூடாது. தோல் மடிப்புகளையும் விரல் இடுக்குகளையும் விட்டுவிடக் கூடாது. சோப்பு தங்காதபடி நல்ல நீரால் அலச வேண்டும்.

2. உலர்த்துதல்: கழுவுவதற்குச் சமமான முக்கியத்துவம் இதற்கும் உண்டு. தூய்மையான மெல்லிய துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விரல் இடுக்கில் ஈரம் தங்கினால் சேற்றுப்புண் உண்டாகும். அதுவே கிருமிகள் நுழையும் தலைவாசல்.

3. கவனித்துப் பார்த்தல்: வெடிப்பு, கீறல், கொப்புளம், நகச்சுத்தி இருக்கின்றனவா என்று நாள்தோறும் நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சேற்றுப்புண்ணுக்கும் காயத்துக்கும் மருத்துவர் தரும் களிம்பை, குணமாகும்வரை விடாது தடவ வேண்டும். தோல் வறண்டு வெடிக்காமலிருக்க அதை மென்மையாக்கும் களிம்பைப் பூசலாம். விரல் இடுக்கில் மட்டும் பூசலாகாது.

4. உயர்த்தி வைத்தல்: அமரும்போது காலைத் தொங்கவிடாமல், ஒரு முக்காலியின் மீது நீட்டி வைக்க வேண்டும். இரவில் தலையணைகளை அடுக்கி அதன் மீது காலை வைக்கலாம்; அல்லது கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்துச் சற்று உயர்த்தலாம். இதய நோயாளிகள் மருத்துவரிடம் கேட்ட பின்னரே இதைச் செய்ய வேண்டும்.

5. அசைவு: குழாய்களில் நிணநீர் நகர்வதற்குத் தசைகளின் அசைவு பெரிதும் உதவுகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது, அமர்ந்தபடி பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, கணுக்காலைச் சுழற்றுவது, அளவாக நடப்பது ஆகியவை போதும். காய்ச்சல் நாட்களில் இவற்றை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும்.

6. காலணி: காலை அழுத்தாத, அகலமான, மென்மையான காலணியை வீட்டிலும் வெளியிலும் அணிய வேண்டும். உடல் எடை மிகுந்தால் வீக்கமும் மிகும் என்பதால் உணவிலும் அளவு பேண வேண்டும்.

காய்ச்சல் வந்துவிட்டால் படுத்து ஓய்வெடுத்து, காலை உயர்த்தி, குளிர்ந்த ஈரத்துணியைப் போட்டு, நிறையத் தண்ணீர் அருந்தி, அன்றே மருத்துவரை அணுக வேண்டும். கிருமிக்கான மருந்தை அவர் சொன்ன நாள்வரை முழுமையாக உண்ண வேண்டும். நோயாளிக்கு நினைவு தடுமாறினாலோ, சீழ் கோத்தாலோ, மருந்து தொடங்கி ஓரிரு நாட்களில் தணியாவிட்டாலோ மருத்துவமனையில் சேர்க்கத் தாமதிக்கலாகாது. அடிக்கடி காய்ச்சல் வருவோருக்கு, மூன்று வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுத் தடுக்கும் முறையும் உள்ளது. ரமளானில் இக்காய்ச்சல் கண்டால் நோன்பை வேறு நாட்களில் நோற்க ஷரீஅத் இடமளித்திருக்கிறது. மருந்தையும் தண்ணீரையும் தவிர்த்து உடலை வருத்திக்கொள்வது பேணுதல் ஆகாது.

உளூவும் வீங்கிய காலும்

நாள்தோறும் ஐவேளை காலைக் கழுவும் சமுதாயம் நாம். குதிகாலில் நீர் படாமல் விட்டோரை நபி (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்தார்கள். தமது சுண்டு விரலால் கால் விரல்களின் இடுக்குகளைத் தேய்த்து உளூச் செய்ததை ஸஹாபி ஒருவர் கண்டு அறிவித்திருக்கிறார்கள். வீங்கிய காலில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். அவற்றைக் கோதாமல் நீர் உள்ளே சேராது. எனவே இத்தகையோர் கோதிக் கழுவுவதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

ஆனால், உளூச் செய்கிறோமே, தனியாகக் கழுவ வேண்டுமா என்று எண்ணிவிடக் கூடாது. உளூ வணக்கத்திற்கான தூய்மை. சோப்பிட்டு மடிப்பு மடிப்பாகக் கழுவி உலர்த்துவது சிகிச்சை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

உளூவின் ஈரத்தைத் துடைக்காமல் விடுவதே சிறப்பு என்று சிலர் ஈரக் காலுடனேயே தொழுகையில் நின்றுவிடுகிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் துடைக்காமலிருப்பது மேலானது என்று கூறப்பட்டிருப்பினும், தேவை இருந்தால் துடைப்பதில் குறையேதும் இல்லை. ஹனஃபீ மத்ஹபிலும் துடைப்பதில் தடையில்லை. நோயைவிடப் பெரிய தேவை எது? ஆகவே இந்நோயாளிகள் ஒவ்வோர் உளூவுக்குப் பின்னும் விரல் இடுக்குகளைத் துடைத்தே ஆக வேண்டும். இதற்கென ஒரு சிறு துணியை உடன் வைத்துக்கொள்வது நல்லது. புண் உள்ளவர்கள் ஹவுளுக்குள் காலை விடாமல் குழாயில் உளூச் செய்துகொள்ள வேண்டும்.

புண்ணில் நீர் பட்டால் கேடு விளையும் என்று மருத்துவர் கூறினால், மஸ்ஹும் தயம்முமும் நமக்குச் சலுகைகளாக உள்ளன. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒரு ஸஹாபிக்குக் குளிப்பு கடமையாயிற்று. தயம்மும் செய்யச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் அவர் கேட்டார். அவர்கள் இல்லையென்று கூறிவிட, குளித்தார், இறந்தும் போனார். இதைச் செவியுற்ற நபி (ஸல்) அவர்கள் வெகுண்டு, அவருடைய மரணத்திற்கு அத்தோழர்களையே பொறுப்பாக்கினார்கள். அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் உணர்த்தினார்கள். அபூதாவூதில் பதிவாகியுள்ள இச்செய்தி, நோயாளியிடம் மார்க்கச் சட்டத்தை இலேசாகச் சொல்லிவிடுவோர் அனைவருக்கும் எச்சரிக்கையாகும்.

தொழுகையிலும் அவ்வாறே. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அமரவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்பது நபிவழி. இருப்பில் காலை மடித்து அமர முடியாதவர், தமக்கு எளிதான முறையில் அமர்ந்துகொள்ளலாம்.

கட்டும் அழுத்தக் காலுறையும்

தேங்கிய நீரைக் குறைக்க, மேலை நாடுகளில் உருவாகி இன்று நம் நாட்டிலும் கிடைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வோடர் 1936ஆம் ஆண்டில் பாரிஸில் வெளியிட்ட மென்மையான நீவல் முறையும், பின்னர் ஜெர்மனியில் ஃபோல்டி தம்பதியர் வகுத்த முறையும் இதற்கு அடிப்படை. முதற் கட்டத்தில் சில வாரங்கள் பயிற்சி பெற்றவரால் நீவலும், அடுக்கடுக்கான துணிக்கட்டும், உடற்பயிற்சியும் நடைபெறும். வற்றிய பின், அளவெடுத்துத் தைத்த அழுத்தக் காலுறையை நாள்தோறும் அணிய வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்திற்கு முடிவில்லை. 'வற்றிவிட்டதே' என்று காலுறையை விட்டவர்களுக்குக் கால் மீண்டும் பெருக்கிறது. காலையில் வீக்கம் ஏறுமுன் அணிந்து, இரவில் கழற்ற வேண்டும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் அதன் இறுக்கம் தளர்ந்துவிடும். அப்போது புதியது வாங்க வேண்டும். இரத்த ஓட்டக் குறைவும் இதய பலவீனமும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் எதையும் கட்டலாகாது.

கேரளத்தின் காசர்கோட்டிலுள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் அப்ளைடு டெர்மட்டாலஜி என்ற நிறுவனம், ஆயுர்வேதத்தையும் யோகப் பயிற்சியையும் துணிக்கட்டையும் இணைத்து, நோயாளியின் குடும்பத்தாரே வீட்டில் தொடரும் முறையை வகுத்துள்ளது. அங்கும் அடிப்படை அன்றாடத் தூய்மைதான்.

இரவும் பகலும் அவிழ்க்கக் கூடாத சிகிச்சைக் கட்டு இருக்கும்போது உளூவின் சட்டம் என்ன? ஹனஃபீ மத்ஹபில் கட்டின் மீது மஸ்ஹு செய்தால் போதும்; உளூவுடன் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. ஷாஃபிஈ மத்ஹபில் உளூவுடைய நிலையில் கட்டிக்கொண்டு, மஸ்ஹுடன் தயம்முமும் செய்ய வேண்டும். சில நிலைகளில் தொழுகையைத் திரும்பத் தொழும் சட்டமும் உண்டு. கழற்றி அணியத்தக்க காலுறையின் நிலை வேறு. ஒவ்வொருவரின் சிரமமும் மாறுபடுவதால், தம் மத்ஹபின் ஆலிமிடம் மருத்துவரின் சொல்லை எடுத்துரைத்துத் தெளிவு பெறுவதே முறை. ஹஜ், உம்ரா செல்லும் ஆண்கள் இஹ்ராமில் காலுறை அணிவது பற்றியும் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

செய்யக் கூடாதவை

வீங்கிய காலில் சூடு போடுதல், கீறி நீரை வடித்தல், முரட்டுத்தனமாக உருவுதல், வெந்நீர் ஒத்தடம் ஆகியவை தீங்கானவை. ஹிஜாமா நபிவழி மருத்துவம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், வீங்கிய உறுப்பின் தோலைக் கீறினால் அதுவே கிருமிக்கு வாசலாகிவிடும். எனவே அந்த உறுப்பில் அதைத் தவிர்க்க வேண்டும். சிறுநீர் பெருக்கும் மாத்திரைகள் இவ்வகை வீக்கத்துக்கு மருந்தல்ல. அவற்றைத் தாமாக வாங்கி உண்ணலாகாது.

கை வீங்கிய தாய்மார்கள்

மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளிலுள்ள கணுக்களை அகற்றியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கக்கூடும். அது சில ஆண்டுகள் கழித்தும் தொடங்கலாம். மோதிரமும் வளையலும் திடீரென இறுகுவதே முதல் அறிகுறி. உடனே அவற்றைக் கழற்றிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். கையை அசைக்காமல் வைத்திருப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் சரியன்று. மேற்பார்வையுடன் படிப்படியாக எடை தூக்கிப் பழகியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்பதை 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சமையலில் சூடு படாமலும், கத்தி கீறாமலும் காத்துக்கொள்ள வேண்டும்.

நம் பெண்கள் இதைக் கணவரிடம்கூடச் சொல்ல வெட்கப்பட்டு, புர்காவுக்குள் மறைத்துக்கொள்கிறார்கள். மருத்துவத் தேவைக்காக மருத்துவரிடம் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை. வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் உடலைப் பாழாக்கும் மௌனம் அந்த வெட்கத்தில் சேராது. ஆண்களுக்கு இதே புழுவால் விரைவீக்கம் வருவதுண்டு. அதை அறுவை சிகிச்சையால் குணப்படுத்த முடியும். அதையும் மறைத்து வாழ்வோர் பலர்.

குடும்பத்தாரும் ஜமாஅத்தாரும்

கால் பெருத்த முதியவரால் குனிந்து தம் விரல் இடுக்கைப் பார்க்கவும் முடியாது, எட்டித் துடைக்கவும் முடியாது. அவருக்காக யாராவது ஒருவர் தரையில் அமர வேண்டும். இதை மருமகள் மீது சுமத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் மகன்களே! தாயின் கால் மீது முதல் உரிமையும் கடமையும் உங்களுக்கே உரியவை. ஒரு வாளி, ஒரு குவளை, ஒரு சோப்பு, ஒரு துணி, கால் மணி நேரம், இவ்வளவுதான் கேட்கப்படுகிறது. அந்தக் கால் மணி நேரத்தில் தாயுடன் பேசவும் செய்யலாமே!

வீங்கிய காலைத் தொடுவதால் இந்நோய் ஒட்டாது. பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு யானைக்கால் பிறவியாக இறங்குவதும் இல்லை. கொசுவே இதைப் பரப்புகிறது. தாய்க்கு யானைக்கால் என்று காரணம் காட்டிப் பெண்ணை மறுப்பதும், விருந்துகளில் அவர்களைத் தனியே அமர்த்துவதும் அறியாமை மட்டுமல்ல, அநீதியும்கூட.

பள்ளிவாசல் நிர்வாகிகள் உளூச் செய்யுமிடத்தில் அமர்ந்து கால் நீட்ட வசதியான இருக்கை ஒன்றையேனும் அமைக்கட்டும். கழிவுநீர்த் தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டி, தேங்கும் நீரை அகற்றட்டும். பைத்துல்மாலிலிருந்து ஏழை நோயாளிக்கு ஓர் இணை காலுறை வாங்கித் தருவது, அவருடைய பல நாள் கூலியைக் காப்பாற்றும். அரசு சுகாதார நிலையங்களில் வாளி, சோப்பு, களிம்பு அடங்கிய பராமரிப்புப் பெட்டி வழங்கப்படும் இடங்களில், அதைக் கேட்டுப் பெற உதவலாம்.

நோயைத் தந்தவன் அல்லாஹ். அதைத் தாங்கும் வழியையும் அவனே தந்திருக்கிறான். பொறுமை என்பது ஒன்றும் செய்யாமல் இருப்பதன்று. பலன் மெல்ல வந்தாலும் செய்ய வேண்டியதை நாள்தோறும் செய்துவருவதே பொறுமை.

நோயுற்ற நம் சகோதர சகோதரிகளுக்கு ரஹ்மான் ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களுக்குப் பணிவிடை செய்வோரின் கைகளில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.